தோலைத் தொட்ட கையும் தோலை விற்ற கையும்

பள்ளியில் வரலாறு படித்த எல்லோருக்கும் மூன்று பெயர்கள் தெரியும்: கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம். கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த பழம்பொருட்களை ஒழுங்குபடுத்திய கிறிஸ்டியன் தாம்சன் 1836இல் அச்சில் வெளியிட்ட பகுப்பு இது. மனிதர்கள் எந்தப் பொருளால் கருவி செய்தார்களோ அந்தப் பொருளே அவர்கள் வாழ்ந்த காலத்துக்குப் பெயரானது. வசதியான பகுப்புதான். ஆனால் இந்த வரிசையில் தோல் ஏன் இல்லை என்று நாம் கேட்டதுண்டா?

தோல் மக்கிப் போகும், கல்லும் இரும்பும் மண்ணில் தங்கும் என்பது ஒரு பதில். அது உண்மையும்கூட. ஆனால் வறண்ட குகையும் பனியும் காப்பாற்றித் தந்த சில சான்றுகள் நம்மிடம் இருக்கின்றன. ஆர்மீனியாவின் அரெனி குகையில் 2008இல் ஒரு காலணி கிடைத்தது. ஒரே துண்டு மாட்டுத்தோலில் செய்து, வார் கோத்து, காலளவுக்குத் தைத்தது. வயது ஏறக்குறைய 5,500 ஆண்டுகள். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட 'ஊட்சி' என்ற மனிதர் இறந்து 5,300 ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மேலங்கி வெள்ளாட்டுத் தோலும் செம்மறித் தோலும் சேர்த்துத் தைத்தது. தொப்பி கரடித்தோல்.

இரும்புக் காலத்தையே எடுத்துக்கொள்வோம். இரும்புத் தாதை உருக்க வேண்டுமானால் அடுப்புக்குக் காற்று ஊத வேண்டும். ஊதியது துருத்தி. நம் ஊர்களில் துருத்தி ஆட்டுத்தோலால் ஆனது. தோல் இல்லாமல் காற்று இல்லை, காற்று இல்லாமல் இரும்பு இல்லை. ஏரில் மாட்டைப் பூட்டிய வார், போர்க்களத்துக் கேடயம், குதிரையின் சேணம், கிணற்று நீரை மேலே கொண்டுவந்த பை என்று தோல் இல்லாமல் ஓடாத நாகரிகம் உலகில் குறைவு. அப்படி இருந்தும் நம் நாட்டில் தோலுக்கென்று ஒரு காலம் எழுதப்படவில்லை. தோலைச் செய்தவர்களுக்கென்று ஒரு சாதி மட்டும் எழுதப்பட்டது.

ஒரு பொருள் சமூகத்தை மாற்றும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்தப் பொருள் யார் கையில் இருக்கிறது, அதற்கு விலை வந்தபோது யார் கைக்குப் போனது, அதன் இழிவு யார் தலையில் தங்கியது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வரலாறு முழுமையாகும். தோலை வைத்து அதை இங்கே படித்துப் பார்ப்போம்.

அழுகலை நிறுத்திய அறிவு

உரித்த தோல் இரண்டு நாளில் நாறும். அதை அழுகாமல், விறைக்காமல், வளையும் பொருளாக மாற்றுவது ஒரு வேதியியல். நம் மக்கள் அதை ஆய்வுக்கூடம் இல்லாமல் கண்டறிந்தார்கள்.

முதலில் தோலை நீரில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புக் குழியில் போடுவார்கள். சுண்ணாம்பு மயிரின் வேரைத் தளர்த்தும். வளைந்த கத்தியால் ஒரு பக்கம் மயிரையும் மறுபக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் சுரண்டி எடுப்பார்கள். சுண்ணாம்பைக் கழுவி நீக்கியபின் பட்டைக் குழி. தென்னிந்தியாவில் அது பெரும்பாலும் ஆவாரம்பட்டை. வாரக்கணக்கில் ஊறும். கடைசியில் கடுக்காய் நீர். பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நாரிழைகளோடு பிணைந்துகொள்கிறது. அப்படிப் பிணைந்த பின் நுண்ணுயிரிகளால் அதை எளிதில் தின்ன முடியாது. அழுகல் நின்றுவிடுகிறது.

எந்த மரத்தின் பட்டை, எந்தப் பருவத்தில் உரித்தது, சுண்ணாம்பு எவ்வளவு, எத்தனை நாள், கையால் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு. இதைச் சாதிச் சமூகம் வித்தை என்று ஏற்கவில்லை. 'நாற்றம் பிடித்த வேலை' என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டது.

தீட்டு தோலில் இருந்ததா?

தோல் செத்த உடலிலிருந்து வருகிறது, அதனால் அது தீட்டு, அதனால் அதைத் தொடுபவர் தீண்டத்தகாதவர் என்று சொல்வார்கள். கேட்க ஒழுங்கான தர்க்கம் போல இருக்கும். சான்றுகளோடு வைத்துப் பார்த்தால் நிற்காது.

வேத வேள்வியில் சோமம் பிழியும்போது கல்லுக்கு அடியில் விரித்தது மாட்டுத்தோல். மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் பிரம்மச்சாரிகள் எந்தெந்தத் தோலை மேலே அணிய வேண்டும் என்று வகுக்கிறது. பிராமண மாணவனுக்குக் கருமான் தோல், சத்திரியனுக்கு வேறொரு மான் தோல், வைசியனுக்கு ஆட்டுத் தோல். அதே நூலின் நான்காம் அத்தியாயம் தோல் வேலை செய்பவர் தரும் உணவை உண்டால் புகழ் அழியும் என்கிறது. பத்தாம் அத்தியாயம் தோல் வேலை செய்பவரைக் கலப்பில் பிறந்த இழிசாதி என்று வைக்கிறது. ஒரே நூலில் தோல் அணிபவர் புனிதர், தோலைப் பதப்படுத்துபவர் இழிந்தவர். செத்த மானின் தோலுக்கு இல்லாத தீட்டு, அதைப் பதப்படுத்தியவர் கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இது வடக்கில் மட்டும்தான் என்று நம்மில் சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். சங்க இலக்கியத்தையும் திறந்து பார்ப்போம். வேந்தனின் வீரமுரசு, இன்னொரு காளையைக் குத்தி வென்ற காளையின் தோலை மயிர் சீவாமல் போர்த்தியது. அதற்கென்று கட்டில் உண்டு, நீராட்டு உண்டு, பலி உண்டு. முரசுக் கட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கிய மோசிகீரனார் என்ற புலவரைச் சேர மன்னன் வெட்டாமல் விட்டதும் கவரி வீசியதும் பெரிய பெருந்தன்மையாகப் புறநானூறு 50ஆம் பாடலில் பதிவாகியிருக்கிறது. முரசு அவ்வளவு புனிதம். அதே புறநானூற்றின் 82ஆம் பாடல் வாரால் கட்டில் பின்னும் ஒரு தொழிலாளியைக் காட்டுகிறது. அவருடைய ஊசியின் வேகத்தைக் கவிஞர் போரின் வேகத்துக்கு உவமை ஆக்குகிறார். அவரைக் குறிக்க அவர் பயன்படுத்தும் சொல் 'இழிசினன்'. கைவேகத்தைக் கண்டு வியக்கிறார்கள், கைக்கு உரியவரை இழிந்தவர் என்று அழைக்கிறார்கள்.

இன்றைக்கு மேடையில் இருக்கும் மிருதங்கத்திலும் இதே கதைதான். பசுத்தோல், ஆட்டுத்தோல், இழுத்துக் கட்ட எருமைத்தோல் வார். வாசிப்பவரின் விரல் நாள் முழுவதும் அந்தத் தோலின் மேல்தான். அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு நூல் எழுத 2020 வரை ஆயிற்று.

எனவே தீட்டு தோலில் இல்லை. உழைப்பவரை மலிவாகவும் பேரம் பேச முடியாதவராகவும் வைத்திருக்கத் தேவைப்பட்ட ஏற்பாடு அது. எப்படி என்பதைக் கிணற்றடியில் பார்க்கலாம்.

கிணற்றடியில் இருந்த கணக்கு

மின்மோட்டார் வருவதற்கு முன் கிணற்றுப் பாசனம் கவலையால் நடந்தது. தெற்கே கமலை என்பார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். சால் நீரோடு மேலே வரும். சாலின் அடியில் இருந்த தோல் குழாய் வழியே நீர் வாய்க்காலில் கொட்டும். தினமும் நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கும் அந்தத் தோல் கிழிந்தால் அன்றைக்குப் பாசனம் இல்லை. ஆற்றுப் பாசனம் எட்டாத கொங்குப் பகுதிகளில் பயிரின் உயிர் அந்தத் தோலில் இருந்தது.

அதைத் தைத்ததும் ஒட்டுப் போட்டதும் அருந்ததியர். பண்ணையாருக்குச் செருப்பு, மாட்டுக்கு வார், கிணற்றுக்குத் தோல் என்று ஆண்டு முழுக்க வேலை. கூலி அறுவடைக் களத்தில் அளக்கப்படும் தானியம். ஊரில் செத்த மாடு அவர்களுக்கு 'உரிமை' என்று சொல்லப்பட்டது. இந்த உரிமையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மாடு செத்தால் வந்து இழுத்துப் போகவேண்டும், மறுக்க முடியாது. தோலை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் செய்த பொருள் மறுபடி பண்ணைக்கே வரவேண்டும். நிலம் கிடையாது. தான் தைத்த தோல் இறைத்த நீரை அதே கிணற்றில் இறங்கி மொள்ளவும் முடியாது.

தோலைத் தைத்தவர் இல்லாமல் பயிர் இல்லை என்ற உண்மை அவருக்குத் தெரிந்துவிட்டால் அவர் பேரம் பேசுவார். தீண்டாமை அந்தப் பேரத்தைத் தடுத்தது. இன்றியமையாத உழைப்பை இழிந்த உழைப்பு என்று அவரையே நம்பவைத்தது.

விலை வந்தபோது

19ஆம் நூற்றாண்டில் தோலுக்கு உலகச் சந்தை வந்தது. பாதி பதனிட்ட மதராஸ் மாட்டுத்தோல் லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் விற்றது. ரயில் வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல், சென்னையைச் சுற்றிய ஊர்கள் தோல் பதனிடும் ஊர்களாயின. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுக்கு இங்கிருந்து தோல் பெருமளவில் போனது.

ஒரு தொழில் இப்படி வளர்ந்தால், அதை நூற்றாண்டுகளாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள்தானே முதலாளிகள் ஆகியிருக்க வேண்டும்? நெசவு தெரிந்தவரில் சிலர் ஜவுளி முதலாளி ஆனார்கள். தோலில் இங்கே அது நடக்கவில்லை. பச்சைத்தோலை மொத்தமாக வாங்க முதல் வேண்டும், கடன் தர ஆள் வேண்டும், துறைமுகத்தில் தொடர்பு வேண்டும். சேரியில் இருந்தவரிடம் இவை எதுவும் இல்லை. வணிகம் செய்ய வந்தவர்கள் பல சமயத்தவர், பல சாதியினர். தோலைத் தொடத் தயங்கிய சாதிகளும் தோலின் லாபத்தைத் தொடத் தயங்கவில்லை. தோலின் விலை ஏற ஏற, கிராமத்தில் செருப்புத் தைத்தவருக்குத் தோலே எட்டாமல் போனது. விலை இல்லாதபோது அவருக்கு 'உரிமை'யாக இருந்த பொருள், விலை வந்ததும் சந்தைப் பொருளாகிவிட்டது. அவர் சுண்ணாம்புக் குழியில் கூலிக்கு இறங்கினார்.

அடுத்து வந்தது குரோம். பட்டையில் வாரக்கணக்கில் ஆகும் வேலையைக் குரோமிய உப்பு ஓரிரு நாளில் முடித்துவிடும். மதராஸில் இதைத் தொடங்கிவைத்தவர் கலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1903 வாக்கில். அந்தச் சோதனையின் நோக்கங்களில் ஒன்று, கவலைக்கு நீரில் சீக்கிரம் கெடாத தோல் செய்வது. நம் கிணற்றடியில் இருந்த தேவை ஒரு தொழிற்சாலைக்கு விதையானது. பின்னால் வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரில்தான் சென்னையில் குரோம்பேட்டை என்ற ஊரே இருக்கிறது. ஆலையின் பெயர் ஊருக்கு வந்தது. குழியில் நின்றவர்கள் பெயரில் ஒரு தெருவாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

குரோமின் கழிவு எங்கே போயிற்று என்று பாலாறு சொல்லும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வுத் தகவல் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் இந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இழப்பீட்டுக் கணக்கு கெட்டுப்போன நிலத்தைச் சுற்றியே நடந்தது. நிலமே இல்லாதவர், அந்த ஆலைக்குள்ளேயே நின்று தோல் நோயும் மூச்சிரைப்பும் வாங்கியவர், எந்தச் சர்வே எண்ணைக் காட்டி இழப்பீடு கேட்பார்?

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அருகில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உள்ளூர்க்காரர் மறுக்கத் தொடங்கிய வேலைக்கு இன்னொரு மாநிலத்து ஏழை வருகிறார். குழி காலியாக இருப்பதில்லை.

கடலுக்கு அப்பால் இருந்த சேரிகள்

தோலும் இழிவும் சேர்ந்தது இந்தியாவில் மட்டும் இல்லை. ஜப்பானில் செத்த மாடு குதிரைகளை அகற்றித் தோல் எடுத்தவர்களைக் 'கவதா' என்றார்கள். 'கவா' என்றால் தோல். சாமுராய்களின் கவசத்துக்குத் தோல் தந்தது அவர்கள்தான். இன்ன எல்லைக்குள் செத்த விலங்கு இன்னாருக்கு என்ற உரிமையும் அவர்களுக்கு இருந்தது. 1871இல் மெய்ஜி அரசு முதலில் அந்த உரிமையை நீக்கியது. செத்த விலங்கை அதன் உடைமையாளர் விருப்பம்போல் விற்கலாம் என்றது. அதே ஆண்டில் சில மாதம் கழித்து அவர்களைப் பொதுமக்களோடு சமமாக்கும் ஆணை வந்தது. தோல் போய்விட்டது, இழிவு போகவில்லை. 1873இல் மிமாசகா பகுதியில் அந்த ஆணையைப் பொறுக்காத கூட்டம் அவர்களின் குடியிருப்புகளை எரித்துப் பலரைக் கொன்றது. விடுதலை மேலிருந்து வராது என்று கண்டவர்கள் 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் சுய்ஹெய்ஷா அமைப்பைத் தொடங்கினார்கள். பெயரிலேயே 'சமம்' இருக்கிறது.

கொரியாவில் இறைச்சியும் தோலும் பிரம்பும் தொழிலாகக் கொண்டவர்கள் பெக்ஜோங். சட்டம் 1894இல் அவர்களைச் சமம் என்றது. அவர்கள் பிள்ளைகளைப் பள்ளி சேர்க்க மறுத்தது. 1923 ஏப்ரலில் ஜிஞ்சு நகரில் ஹியோங்பியோங்சா பிறந்தது. அந்தப் பெயரில் இருப்பது தராசு. இறைச்சி நிறுத்த தராசைத் தங்கள் சமத்துவத்தின் சின்னமாக்கினார்கள்.

தேதிகளைக் கவனியுங்கள். 1922 கியோட்டோ, 1923 ஜிஞ்சு, 1927 மஹத். தோலோடும் செத்த விலங்கோடும் கட்டிவைக்கப்பட்ட மக்கள் ஆசியாவின் மூன்று இடங்களில் ஐந்தாண்டுக்குள் எழுந்தார்கள்.

இரண்டு விடைகள்

நம் இயக்க வரலாற்றில் இந்தப் பொருளுக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன.

ஒன்று, மறுப்பது. 1927 மார்ச் 20 அன்று சவுதார் குளத்தில் நீர் அள்ளிய அதே மஹத் மாநாட்டில்தான் செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் அழைத்தார். இந்த மறுப்பின் நேரடி வாரிசு 2016. ஜூலை 11 அன்று குஜராத்தின் உனா வட்டத்தில் செத்த பசுவின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாகச் சுரேந்திரநகரில் செத்த மாடுகளை ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொண்டுபோய்க் கொட்டினார்கள் நம் மக்கள். இனி இழுக்க மாட்டோம், எங்களுக்கு நிலம் கொடு என்று ஆகஸ்ட் 15 அன்று உனாவில் கூடிச் சொன்னார்கள். நூற்றாண்டுகளாக மறைந்திருந்த உழைப்பு, நின்றுபோன சில நாளில் எல்லோர் மூக்குக்கும் தெரிந்தது.

இன்னொன்று, கைப்பற்றுவது. பஞ்சாபில் ஜலந்தரின் பூட்டா மண்டியில் தலித்துகளே தோல் வணிகர்களாக எழுந்தார்கள். 1926இல் தொடங்கிய ஆத் தர்ம இயக்கத்துக்கு அவர்களின் பணம் வலுவானது. அதன் தலைவர் மங்கு ராமின் தந்தையும் தோல் வணிகரே. நம் ஊரில் பறையைச் சாவு வீட்டில் அடிக்க மாட்டோம் என்று மறுத்த தலைமுறைக்குப் பின், அதே பறையைப் போராட்ட மேடையில் தலை நிமிர்ந்து அடிக்கும் தலைமுறை வந்திருக்கிறது.

மறுப்பா, கைப்பற்றலா என்று கூட்டங்களில் சூடாக விவாதிக்கிறோம். இந்த வரலாறு சொல்வது, இரண்டுக்கும் அடிப்படை ஒன்று. தொடுவதா விடுவதா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் நம் கையில் இருக்க வேண்டும். கட்டாயத்தால் தொடுவது அடிமைத்தனம். அதே கட்டாயத்துக்கு வேறு பொருள் கொடுத்து நவீனம் என்பது ஏமாற்று. கவலை போய் மோட்டார் வந்தபின் களத்துத் தானியம் இழந்த அருந்ததியரில் பலர் நகரத்தில் துடைப்பமும் மலக்குழியும் தரப்பட்டு நின்றதை மறக்க வேண்டாம். பொருள் மாறியது, இடம் மாறவில்லை.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. பருத்தி, கரும்பு, தேயிலை, செங்கல், உப்பு, கைப்பேசிக்குள் இருக்கும் உலோகம் என்று எந்தப் பொருளைப் பற்றிப் படித்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதை முதலில் தொட்ட கை யாருடையது? இதன் அறிவு யாரிடம் இருந்தது? விலை வந்தபோது யாரிடம் போனது? கழிவும் நோயும் எந்தத் தெருவில் தங்கின? கூடவே உங்கள் ஊர் முதியவர்களிடம் போய்த் தோல் கருவிகளின் பெயர்களையும் குழிகளின் கணக்கையும் கேட்டு எழுதி வையுங்கள். வாரும் சாலும் பட்டைக் குழியும் கண்டவர்கள் இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். பாடப்புத்தகம் எழுதாத காலத்தை நாமே எழுதியாக வேண்டும்.

ஜெய் பீம்.